மெஷின் பார்த்த இரண்டாவது மூச்சு

வட்டவளைக்கு மேலே உள்ள தோட்டத்தில் கொழுந்தெடுத்தே பிள்ளைகளைக் கரைசேர்த்தவள் காளியாயி. புருஷன் ஆண்டியப்பன் தேயிலை ஃபெக்டரியில் தூள் சலித்துச் சலித்து நெஞ்சைக் கெடுத்துக்கொண்டவர். ஆஸ்பத்திரி இரவலாகக் கொடுத்த மூச்சு மெஷின் வந்த பிறகுதான் அவர் படுத்துத் தூங்கினார். அவளும் தூங்கினாள்.

ஒருநாள் காலை ஆஸ்பத்திரி நர்ஸ் பிரேமினி போனில் கேட்டாள். "அம்மா, நேத்து பகல்ல ஐயா மெஷின் போட்டாரா?"

போட்டவள் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் சீதாலெட்சுமி. இஸ்திரிப் பெட்டி, கிரைண்டர், விசேஷத்துக்குப் போடும் தோடு, எது ஒரு வீட்டில் இருந்தாலும் வரிசையாக ஒட்டிக் கட்டிய அந்த லயத்தில் அது எல்லா வீட்டுக்கும்தான். கொழுந்து மலையிலிருந்து இரைக்க இரைக்க வந்தவளை, "சும்மாதானே கெடக்கு, வா புள்ள, கொஞ்சம் காத்து வாங்கிக்க" என்று கூப்பிட்டு மாஸ்க்கை மாட்டிவிட்டதே காளியாயிதான். வேறு யாருக்கும் போட்டால் திருப்பி எடுத்துவிடுவோம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள்.

"ஆமாங்க மிஸ். அவருதான் போட்டாரு."

"இல்லம்மா. இது ஐயா மூச்சு இல்ல. மெஷின்ல சிம் இருக்கு, எல்லாம் இங்க கம்ப்யூட்டருக்கு வந்துரும்."

காளியாயி அப்படியே பலகையில் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை நாளும் மலைக்கு அந்தப்பக்கம் ஒருத்தி உட்கார்ந்து இந்த வீட்டு மூச்சைப் பார்த்துக்கொண்டிருந்தாளா? அந்தப் பெட்டிக்கு முன்னால் நின்று அவரை என்னவெல்லாம் ஏசியிருக்கிறாள்!

"நாங்க பேசுறதும் கேக்குமாங்க?"

"பேச்சு கேக்காது. யாரு அது, சொல்லுங்க."

காளியாயி புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். கட்டிலிலிருந்து ஆண்டியப்பன் சீறினார். "மெஷின எடுத்தா எடுத்துட்டுப் போறாங்க, நான் உக்காந்தே தூங்கிக்கிறேன். சொல்லித் தொல!"

சொன்னாள்.

"அம்மா, நிமிசத்துக்கு நாப்பது மூச்சு! அவங்க இப்ப எங்க?"

காளியாயி ஓடினாள். வேலைக்குக் கிளம்பிய சீதாலெட்சுமி, கொழுந்தெடுக்கக் கட்டும் படங்குச் சாக்கை இடுப்பில் பாதி கட்டியபடி வாசற்படியில் சாய்ந்திருந்தாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது.

"அக்கா... அந்தக் காத்து... கொஞ்சம்..."

காளியாயி மெஷினை எடுக்கத்தான் திரும்பினாள். கையிலிருந்த போனில் பிரேமினி கத்தினாள். "மெஷின் வேணாம்! இங்க தூக்கிட்டு வாங்க!"

த்ரீவீல் பிடித்து, சீதாலெட்சுமியை மடியில் போட்டுக்கொண்டு போனார்கள். நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருக்கிறது, இன்னும் ஒருநாள் வீட்டில் வைத்துக் காற்றுக் காட்டியிருந்தால் பிழைத்திருக்க மாட்டாள் என்றார் டாக்டர். தன் கையால் மாட்டிவிட்ட மாஸ்க்!

சீதாலெட்சுமியை வார்டில் சேர்த்துக்கொண்டார்கள். பிரேமினி புது மாஸ்க் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். "இது ஐயாவுக்கு மட்டும். மூச்சு முட்டுற ஆள எங்ககிட்டதான் காட்டணும்."

வீடு திரும்பியபோது ஆண்டியப்பன் மருந்தைக் குடிக்காமல் வைத்திருந்தார். ஏச வாயெடுத்தவள், மெஷினைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். பேச்சு கேட்காது என்று சொன்னார்கள்தான்.