கனிசியஸின் வெள்ளைக் கண்ணாடி

மோட்டார் சைக்கிளை வேப்பமரத்தடியில் நிறுத்தியதும் கனிசியஸ் கண்ணாடியைக் கழற்றி, சேட்டு நுனியால் துடைத்து, ஹாண்டிலில் கொழுவிவிட்டுத்தான் பட்டறைக்குள் வருவான். அதைப் பார்க்கும்போதெல்லாம் அடைக்கலநாதனுக்கு வயிறு எரியும். வருடக்கணக்கான எரிச்சல். தங்கச்சி மேர்சியின் புருசனாயிற்றே என்று, பட்டணத்தில் கடை கடையாய் ஏறி இறங்கி, பக்கத்தாலும் தூள் புகாத வெள்ளைக் கண்ணாடியாகப் பார்த்து வாங்கிக் கொடுத்தவன் அவன். பட்டறைக்கென்று வாங்கியது. தெருப்பூச்சிக்கு அல்ல.

கனிசியஸிடம் அதற்கொரு நியாயம் இருந்தது. வெல்டிங் பிடிக்கும்போது கறுப்புக் கண்ணாடி வைத்த முகமூடியை ஒழுங்காகப் போடுவான். முழங்கை வரைக்கும் தோல் கையுறை. நைலோன் சேட்டோடு வருகிறவனை, பொறி பட்டால் துணி உருகித் தோலோடு ஒட்டிவிடும் என்று வாசலிலேயே திருப்பிவிடுவான். இவ்வளவும் தெரிந்த மனிசன், நெருப்பு அணைந்ததும் முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒட்டின்மேல் ஓடுபோல இறுகிய கரிய கசடைச் சுத்தியலால் வெறுங்கண்ணோடு குனிந்து தட்டுவான்.

"வெளிச்சம்தான் மச்சான் கண்ணைத் தின்னுறது. வெளிச்சம் நிண்டாப்பிறகு என்னத்துக்குப் பயம்?"

கொழும்புத்துறைக் கரையில் அவன் ஒட்டிய இரும்பு விட்டுப்போனது கிடையாது. தட்டும்போது காதைச் சாய்த்துக் கேட்பான். கணீரென்றால் "பாடுது" என்பான். படகுகளைச் சொந்தக்காரரின் பெண்சாதிமார் பெயரால்தான் விசாரிப்பான். "மரியநாயகி எப்பிடி, இன்னும் ஆடுறாவோ?" என்று அவன் கேட்டால், அவவின் புருசன் படகைப் பற்றித்தான் பதில் சொல்லவேண்டும்.

அன்றைக்கு ஜெயசுதனின் படகில் எஞ்சின் பூட்டும் சட்டம் வெடித்து வந்திருந்தது. பின்னேரம் கடலுக்குப் போகவேண்டும் என்று அவன் பக்கத்தில் நின்று அரித்துக்கொண்டிருந்தான். கனிசியஸ் ஒட்டு ஆறமுன்னமே தட்டத் தொடங்கினான். சுத்தியல் கீழே விழுந்தது. வலக்கண்ணைப் பொத்தியபடி அப்படியே நின்றான்.

அடுத்த கொட்டிலில் எஞ்சின் கழற்றிக்கொண்டிருந்த அடைக்கலநாதன் ஓடிவந்து கையை விலக்கிப் பார்த்தான். கறுப்புமுழியில் துகள் ஒன்று பொசுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஜெயசுதன் நெருப்புக்குச்சியில் பஞ்சு சுற்றிக்கொண்டு வந்தான். அந்தப் பட்டறைகளில் எல்லோரும் அப்படித்தான் எடுப்பார்கள். அடைக்கலநாதனே எத்தனையோ பேருக்கு எடுத்துவிட்டவன். இன்றைக்கு அவன் குச்சியைத் தட்டிவிட்டான்.

"தொட்டியெண்டால் கையை முறிப்பன்."

கனிசியஸ், சட்டத்தை முடித்துக் கொடுத்துவிட்டு வருவதாகச் சொன்னான்.

"சட்டத்தோடை கண்ணையும் முடிச்சுப்போட்டு எதாலை பாத்து ஒட்டப் போறாய்? கசக்காதை. ஏறு ஓட்டோவிலை, ஆசுப்பத்திரிக்கு."

கடற்கரைத் தெரு முழுக்கப் பள்ளம். கனிசியஸ் ஒரு கையை வலக்கண்ணின்மேல் கவிழ்த்து வைத்திருந்தான். மற்றக் கை ஓட்டோக் கம்பியை இறுக்கியிருந்தது. எதிரே பஸ் வந்தால் இடக்கண் அதன் பின்னால் போகும். உடனே உடம்பு ஒருதரம் விறைக்கும். வாய்க்குள் அடுக்கி வைத்திருந்த ஏச்சு முழுவதையும் அடைக்கலநாதன் விழுங்கினான். கண் தப்புமா என்று கேட்கவும் பயமாக இருந்தது.

"மச்சான்."

"என்ன?"

"நல்ல கண் பாக்கப் பாக்க மற்றக் கண்ணும் சேந்து உருளுது. தூள் வெட்டுது. இந்தக் கண்ணையும் நீ பொத்திவிடு."

அடைக்கலநாதன் கிறீஸ் பிடித்த கையை இடுப்புச் சாரத்தில் துடைத்தான். போதாது என்று பட்டது. இன்னொருதரம் அழுத்தித் துடைத்துவிட்டு, உள்ளங்கையைக் குழித்து, அவனுடைய நல்ல கண்ணைப் பொத்தினான்.