லாபம், ரெண்டு, மூணு

சட்டைக்கு அளவு கொடுக்கும்போது மூச்சை முழுக்க வெளியே விட்டுவிடுவது என் வழக்கம். அதனால் என் சட்டைகள் எல்லாம் இறுக்கம். அலமாரியில் இருக்கும் ஒன்பதில் ஏழுக்கு மேல்பித்தான் போட முடியாது. தையற்காரர் என் உடம்பைக் குறை சொல்கிறார். காரணம் அவருக்குத் தெரியாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் எனக்கு இருபத்திரண்டு வயது. அப்பாவுக்குக் கண் மங்கிக்கொண்டே வந்தது. பொங்கலோடு ஆபீசை விட்டு நின்றுவிடுவதாகச் சொல்லிவிட்டார். மயிலாப்பூர் வீட்டில் ஏழு வயிறு. எனக்கு ஒரு சர்க்கார் குமாஸ்தா வேலை அமைந்திருந்தது. டாக்டர் சர்டிபிகேட் மட்டும் பாக்கி. மூச்சை இழுத்தால் மார்பு இரண்டு அங்குலம் விரிய வேண்டும் என்றார்கள். என் மார்போ விலா எலும்பை வெளியிலிருந்தே எண்ணிவிடும்படி இருந்தது. நான் எண்ணியும் இருக்கிறேன்.

சாந்தோமில் கடற்கரையை ஒட்டி, தேகப்பயிற்சி செய்ய ஒரு கசரத்துக் கொட்டகை இருந்தது. விடியற்காலையில் அங்கே போனேன். முதல் நாள் மூன்றாவது தண்டாலில் மோவாய் மண்ணில் இடித்தது. பக்கத்தில் என் வயதுக்காரன் ஒருவன், மீன்பிடிக் குப்பத்துப் பிள்ளை, சிரித்தான்.

"இன்னா ஐயரே, மண்ணுக்கு முத்தம் குட்துக்கினு கீறே?"

"கை நடுங்கறது."

"நடுங்கத்தான் செய்யும். கட்டுமரம் தள்ற கையா அது, பேனா தள்ற கை. எழுந்திரு, நான் எண்றேன்."

லாபம், ரெண்டு, மூணு என்று எண்ணினான். ஒன்று என்று தொடங்க மாட்டார்கள். எங்கள் வீட்டில் அம்மா அரிசி அளக்கும்போதும் அப்படித்தான், முதல் ஆழாக்கு லாபம். அரிசிக்குச் சரி, தண்டாலுக்கு என்ன லாபம்? அந்த லாபம் கணக்கில் சேர்ந்ததா இல்லையா என்பதே எனக்குக் கவலையாக இருந்தது. கேட்டேன்.

"அதான் ஒண்ணு. ஒண்ணே ஒண்ணுன்னு சொன்னா ஒண்ணோட நின்னுடும், நைனா. லாபம்னு சொன்னாத்தான் மேல வரும்."

தண்டால், உட்கார்ந்து எழும் பஸ்கி, கடைசியில் சுழற்றச் சின்ன கர்லாக்கட்டை. தோள் எரிந்தது. வீட்டில் தலைவாரக் கை எழவில்லை. அவன் விடாமல் ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தான்: "நெஞ்ச தூக்கி நில்லு. சாவு ஊட்லேர்ந்து வர்றவன் மாரி நிக்காத." நிமிர்ந்தே நடந்தேன். மூச்சை நிரப்பிக்கொண்டே மாடவீதியைச் சுற்றினேன். சட்டை முன்னால் இழுத்துக்கொண்டது. அம்மாவுக்குச் சந்தோஷம். எனக்கோ, பொங்கலுக்குள் இரண்டு அங்குலம் வருமா என்றே தூக்கம் கெட்டது.

டாக்டர் முன்னால் சட்டையைக் கழற்றினேன். வெளியே பத்துப் பேர் காத்திருந்தார்கள்.

"நேரா நில்லும்" என்றார்.

நான் பழகியபடியே நின்றேன். நெஞ்சைத் தூக்கி, மூச்சை நிரப்பி, முதல் அளவே பெரிதாக வரட்டும் என்று. நாடாவைச் சுற்றினார். முப்பத்து மூன்றரை.

"இப்ப மூச்சை இழும்."

இழுக்க இடமில்லை. எல்லாம் ஏற்கெனவே உள்ளே இருந்தது. கண்ணில் நீர் வரும்வரை முயன்றேன். முப்பத்து நாலு.

"அரை அங்குலம்தானே விரியறது. ரெண்டு வேணுமே, ஐயா."

அப்போதுதான் புரிந்தது. இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசம்தான் அவர்களுக்கு வேண்டியிருந்தது. முதல் அளவில் எவ்வளவு சேர்த்தேனோ அவ்வளவும் இரண்டாவதில் நஷ்டம்.

"மூச்சை விட்டுட்டு இன்னொரு தரம் நிக்கறேன் சார்."

"எழுதியாச்சு. அடுத்தவரைக் கூப்பிடு" என்றார் கம்பவுண்டரிடம்.

வீட்டுக்கு நடந்துதான் வந்தேன், கூனிக்கொண்டு. அம்மா சமையலறையில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு அரிசி அளந்துகொண்டிருந்தாள். அளக்கும்போது பேசக்கூடாது, கணக்குத் தப்பும். நிலைப்படியில் நின்றேன். என் காலடிச் சத்தம் கேட்டிருக்கும்; திரும்பவில்லை, ஆனால் குரல் வழக்கத்தைவிடக் கொஞ்சம் உயர்ந்திருந்தது.

"லாபம்" என்றாள். ஆழாக்கு பாத்திரத்தில் கவிழ்ந்தது. "ரெண்டு."

அவள் ஏழு வரை எண்ணி முடிக்கட்டும் என்று காத்திருந்தேன்.