நான் என்று ஆரம்பிக்கும் வாக்கியம்

அந்த விதியைப் போட்டவன் நான்தான். அதை வேறு யார் தலையிலும் கட்ட எனக்கு வழியில்லை.

டொலீடோவில், மவ்மீ ஆற்றுக்குக் கிழக்கே இருக்கிற பழைய பௌலிங் கூடத்தில் எனக்கு வேலை. பந்து பட்டுச் சிதறிய கட்டைகளைத் திரும்ப அடுக்கி நிறுத்தும் இயந்திரங்கள் பதினாறு. அத்தனையையும் பழுது பார்ப்பவன் நான். ஏழாம் நம்பர் இயந்திரத்தின் பெல்ட் ஒரு நொடி தாமதித்தால் போதும், பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்க் கழற்றிப் பார்ப்பேன். காது அப்படிப்பட்டது என்று பீற்றிக்கொள்வேன். ஞாயிறு மதியம் அதே கூடத்தின் பின்னறையில் வீடியோ கேம் சண்டைப் போட்டி நடத்துவது என்னுடைய பைத்தியம். எட்டுத் திரைகள், ஒரு திரைக்கு இரண்டு பேர், மூன்றில் இரண்டு ஆட்டம் ஜெயித்தவர் மேலே போவார்.

ஆரம்பத்தில் அந்த அறையில் தோற்றவன் ஒருவன்கூடத் தான் தோற்றதாக ஒத்துக்கொண்டதில்லை. "பொத்தான் மக்கர் பண்ணுது." "திரை லேட்டா காட்டுது." "நாற்காலி ஆடுது." ஒருத்தன் பக்கத்தில் கட்டை விழுந்த சத்தத்தில் கவனம் சிதறிவிட்டது என்றான். பௌலிங் கூடத்துக்குள் உட்கார்ந்துகொண்டு! எனக்கு எரிச்சல் மண்டைக்கேறியது. இரண்டு வருஷம் வாராவாரம் ஆடியும் ஒரு பயல் ஒரு படி ஏறவில்லை. குற்றமெல்லாம் வெளியே இருந்தால் தனக்குள் திருத்திக்கொள்ள என்ன மிச்சம் இருக்கும்?

ஒரு ஞாயிறு, அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். தோற்றவர் நாற்காலியை விட்டு எழும் முன் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். அது 'நான்' என்று ஆரம்பிக்க வேண்டும். 'நான் பொறுமை இழந்தேன்', 'நான் அவன் குதிப்பதைப் பார்க்கவில்லை', இப்படி. வேறு எந்தச் சொல்லில் ஆரம்பித்தாலும் அறை முழுக்க மேஜையை இரண்டு முறை தட்டி, "சாக்கு!" என்று கத்தும்.

விதி வேலை செய்தது. மூன்றே மாதத்தில், எங்களோடு மோத வருகிற டெட்ராய்ட்காரர்கள் எங்களைப் பார்த்துப் பயப்பட ஆரம்பித்தார்கள். நான் மட்டும் ஒரு தடவைகூட அந்த வாக்கியத்தைச் சொன்னதில்லை. போட்டி நடத்துகிறவன் ஆடுவதில்லை, ஆடாதவன் தோற்பதில்லை, அவ்வளவுதான்.

ரெனாட்டா ஜெலின்ஸ்கி வந்தது நாலு வருஷத்துக்கு முன்னால். முப்பது வயது. சூப்பர்மார்க்கெட் பேக்கரியில் கேக்கின்மேல் பெயர் எழுதுகிற வேலை. கிரீம் அடைத்த கூம்புப் பையை வலது கையில் பிடித்து, அழுத்தி, இழுத்து, ஒரே மூச்சில் ஒரு பெயரை எழுதிவிடுவாள். ஊரில் பாதிப் பேர் அவள் கையெழுத்தை வெட்டித் தின்றிருக்கிறார்கள். அவளுக்கு அந்தக் கையைத் தவிர வேறு சொத்து கிடையாது.

முதல் ஐந்து மாதம் அவள் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. டயர் கடையில் வேலை செய்கிற மார்லன்தான் எங்களில் முதல் ஆள். அவன் கையைவிட வாய் நீளம். அவளை இரண்டே நிமிஷத்தில் துவைத்துப் போட்டுவிட்டு, "அக்கா, கேக்குல பூ போடுற மாதிரி மெதுவா அமுக்காதே, அடி!" என்பான்.

அவள் கோபப்பட மாட்டாள். "நான் விழுந்து மூணு தடவயும் ஒரே மாதிரி எழுந்தேன், நீ மூணு தடவயும் காத்திட்டிருந்தே" என்பாள். பிறகு ஒரு பச்சை நோட்டை எடுத்துத் தேதி போட்டு அதை எழுதிக்கொள்வாள். மற்றவர்களின் 'நான்' கடமைக்குச் சொல்வது. அவளுடையது நிஜமானது. ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு தவறை எடுத்துக்கொள்வாள். அந்த ஞாயிறு பத்து ஆட்டம் தோற்றாலும், அந்த ஒரு தவறு நடக்காவிட்டால் சிரித்த முகமாய் வீட்டுக்குப் போவாள். ஜெயித்தாலும் அது நடந்துவிட்டால் முகம் சுருங்கும். இப்படி ஒருத்தியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மூன்றாம் வருஷம் மார்லனுக்கு ஈடுகொடுக்க அவள் ஒருத்திதான் இருந்தாள்.

நோட்டை என்னிடம் கொடுப்பாள். "தலைவரே, நீங்க ஓரத்துல நின்னு பாக்குறவர். எனக்குத் தெரியாதது உங்க கண்ணுல படும். எழுதுங்க" என்பாள். ஆட்டத்தில் அவள் கால் தூசிக்குக்கூட நான் ஆகமாட்டேன். ஆனாலும் பெருமை யாரை விட்டது? சிவப்புப் பேனாவால் ஓரத்தில் எழுதுவேன்.

போன வருஷம் ஏப்ரலில் அது ஆரம்பித்தது. நான்கு அடிகள் தொடர்ந்து விழவேண்டிய இடத்தில் நாலாவது விழவில்லை. அவள் தூக்கத்திலும் அடிக்கிற நாலு அடி அது. எதிராளி தப்பித்துத் திருப்பி அடித்து ஜெயித்தான்.

"நான் கடைசிப் பொத்தான விட்டுட்டேன்" என்றாள். எழுதினாள். நான் கீழே எழுதினேன்: 'தினமும் இருநூறு தடவை பழகு.'

மறுவாரமும் விட்டாள். ஜூனில் வாரத்துக்கு மூன்று நாலு தடவை. அவள் ஆடுவது மடியில் வைத்துக்கொள்ளும் தட்டையான பொத்தான் பெட்டியில். அந்தக் கடைசி அடி வலது சுண்டுவிரலுக்கு உரியது. இருநூறை நானூறாக்கினேன். அவள் வேலைக்குப் போகும் முன் காலையில் உட்கார்ந்து நானூறையும் அடித்துவிட்டு வந்தாள். எண்ணிக்கை ஏறஏறத் தவறும் ஏறியது. அந்தக் கணக்கு தலைகீழாக இருக்கிறதே என்று என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

செப்டம்பரில் கூடத்தின் முதலாளி கஸ் ஓய்வு பெற்றார். கேக் ரெனாட்டா எழுதியது. பெட்டியை நான்தான் திறந்தேன். 'கஸ்' என்கிற மூன்றே ஆங்கில எழுத்து, முதல் எழுத்து நேராக நின்றது, இரண்டாவது சாய்ந்தது, மூன்றாவது ஓரத்துக்கு ஓடி வழிந்தது.

"என்னம்மா, எழுதும்போது கஸ்ஸோட விஸ்கியை நீ குடிச்சியா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

"நான் அவசரப்பட்டுட்டேன்" என்றாள். அவளும் சிரித்தாள். வலது கையைக் கோட்டுப் பைக்குள் வைத்திருந்தாள்.

முதலில் கேட்டவன் மார்லன்தான். அந்த வாயாடி! நவம்பரில் ஒரு ஞாயிறு, அவளை ஜெயித்ததும் வழக்கம்போல எழுந்து குதித்துக் கூத்தாடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தான்.

"ரெனி, உன் கை சரியில்ல."

"நான் தயங்கிட்டேன், அவ்வளவுதான்."

"தயக்கமும் இல்ல மண்ணும் இல்ல. நான் மூணு வருஷமா இந்தக் கையில அடி வாங்குறேன். எனக்குத் தெரியாதா? இது வேற. கைல ஏதோ..."

அவன் முடிக்கவில்லை. யாரோ மேஜையைத் தட்டினார்கள். தொடர்ந்து அறையே தட்டியது. "சாக்கு! சாக்கு! அவளுக்கு நீ சாக்கு சொல்றியா?" என்று ஒரே கூச்சல். அதில் என் குரலும் இருந்தது. மேஜையில் என் கை பலமாகவே விழுந்தது, அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

ரெனாட்டா சிரித்துக்கொண்டே சோடா டம்ளரை எடுத்தாள். டம்ளர் விரல்களுக்கு இடையே நழுவித் தரையில் விழுந்தது. சிரிப்பு இன்னும் ஓங்கியது. மார்லன் மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து பேப்பர் நாப்கினால் தரையைத் துடைத்தான்.

அதற்குப்பின் யாரும் கேட்கவில்லை. குளிர் காலம் முழுக்க அவள் இடறிஇடறி நடந்தாள். பனி வழுக்குகிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். பாஞ்ச்கி தினத்தன்று, போலந்துக்காரர்கள் பாகு அடைத்த வடைக்கு வரிசை நிற்கிற நாளன்று, பேக்கரியில் அவளைப் பெயர் எழுதும் மேஜையிலிருந்து மாற்றி அட்டைப் பெட்டி மடிக்க வைத்திருந்தார்கள். "நான் கொஞ்சம் மந்தமாயிட்டேன் தலைவரே" என்றாள். நான் ஒரு டஜன் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். என்ன மனுஷன் நான்!

மார்ச்சில் கொலம்பஸில் மாநிலப் போட்டி. முதல் எட்டுக்குள் வரவேண்டும் என்பது அவளுடைய நாலு வருஷ ஆசை. அந்த எட்டுக்குள் நுழைகிற ஆட்டத்தில் அவளும் மார்லனும் மோதும்படி ஆயிற்று. உச்சி வெயில் நேரம், கண்ணாடிக் கூரை போட்ட பெரிய மண்டபம், சுற்றி நூறு பேர். ஆளுக்கு ஒரு ஆட்டம் ஜெயித்திருந்தார்கள். மூன்றாவதில் மார்லன் ஓரத்தில் மாட்டிக்கொண்டான். திரையில் அவன் ஆளுக்கு உயிர் ஒரு நூல் அளவுதான் மிச்சம். அவளுக்கு அந்த நாலு அடி போதும்.

ஒன்று. இரண்டு. மூன்று.

நான் திரையைப் பார்க்கவில்லை. முதல் தடவையாக அவள் கையைப் பார்த்தேன். சுண்டுவிரலும் அதற்குப் பக்கத்து விரலும் பொத்தானுக்கு மேலே அப்படியே நின்றன. அவள் விரல்களை அமுக்கச் சொல்கிறாள், முகத்தில் தெரிகிறது, கழுத்து நரம்பு புடைத்து நிற்கிறது. விரல்கள் இறங்கவில்லை. என் இயந்திரம் ஒன்று அப்படி நின்றிருந்தால் கூடத்தையே மூடியிருப்பேன்.

திரையில் மார்லனின் ஆள் எழுந்தது. அவன் அடிக்கவில்லை. நேரம் ஓடியது. "மார்லன், அடிடா! என்னை அவமானப்படுத்தாதே!" என்று அவள் கத்தினாள். அவன் அடித்தான். ஆட்டம் முடிந்தது.

"நான்..." என்று ஆரம்பித்தாள். கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டாள். ஜிப்பைப் பிடிக்கப் பார்த்தாள், முடியவில்லை. மறுபடி பார்த்தாள். மூன்றாவது தடவை மார்லன் அவள்முன் மண்டியிட்டு அந்த ஜிப்பைக் கழுத்துவரை ஏற்றிவிட்டான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

"கார் எடுங்க. இப்பவே. இன்னொரு தடவ எவனாவது தட்டினா கையை ஒடிச்சிருவேன்."

எட்டுப் பேரில் ஒருவனாக மேடைக்கு வரும்படி ஒலிபெருக்கியில் அவன் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் மறுநாள் காலை ஸ்கேன் எடுத்தார்கள். கழுத்துப் பகுதி முதுகெலும்புக்குள் ஒரு கட்டி. புற்றுநோய் இல்லை, ஆனால் தண்டுவடத்தை ஒரு பக்கமாய் அழுத்திக்கொண்டிருக்கிறது. நரம்பு மருத்துவர் நரைத்த தலைப் பெண்மணி. படுக்கைப் பக்கத்தில் உட்கார்ந்து, "இது எப்ப ஆரம்பிச்சதுன்னு சொல்ல முடியுமா?" என்று கேட்டார்.

ரெனாட்டா பச்சை நோட்டைக் கொடுத்தாள்.

அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். 'ஏப்ரல் 14. நான் கடைசிப் பொத்தானை விட்டேன், சுண்டுவிரல்.' 'ஜூன் 9. நான் மூன்று முறை விட்டேன், பக்கத்து விரலும் தாமதம்.' 'செப்டம்பர். நான் பெட்டியை நழுவ விட்டேன்.' 'டிசம்பர். நான் படியில் வலது காலைத் தூக்க மறந்தேன்.' நாற்பத்தேழு வாரம், ஒரு வாரம் விடாமல். பக்கங்களைப் புரட்டப் புரட்ட அவர் முகம் இறுகியது.

"இருபத்தெட்டு வருஷத்துல ஒரு நோயாளிகூட இவ்வளவு சுத்தமா எழுதிட்டு வந்ததில்ல. இதைப் படிச்சிருந்தா எந்த மருத்துவரும் ஜூன்லயே கண்டுபிடிச்சிருப்பாங்க" என்றார். பிறகு நோட்டைத் திருப்பிப் பிடித்தார். "இந்தச் சிவப்பு மை யாருது?"

நான் தரையைப் பார்த்தேன். அவர் வாசித்தார். "'சாக்கு தேடாதே. நானூறு.' 'சாக்கு தேடாதே. அறுநூறு.'" நோட்டை மூடி மெதுவாய்ப் போர்வைமேல் வைத்தார். நாளைக்கே அறுவை சிகிச்சை செய்ய வேண்டும், நடையைக் காப்பாற்றிவிடலாம், கையில் மிச்சம் இருப்பதையும் காப்பாற்றலாம், போனது திரும்பும் என்று வாக்குக் கொடுக்க முடியாது என்றார். அப்படியேதான் ஆனது. நேராக நடக்கிறாள். அந்த இரண்டு விரல்களும் இன்றுவரை மடங்கவில்லை. கூம்புப் பையை அவள் பிறகு தொடவே இல்லை.

மருத்துவர் போனதும் அறையில் நாங்கள் மூன்று பேர். ரெனாட்டா கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தாள்.

"நான் முன்னாடியே வந்திருக்கணும்" என்றாள்.

சுத்தமான வாக்கியம். ஒரு சொல் குறை சொல்ல முடியாது. இப்போது என் முறை என்று எனக்குத் தெரிந்தது. ஆறு வருஷத்தில் முதல் தடவை. அவளும் முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தாள், காத்திருந்தாள். வாயைத் திறந்தேன்.

"நீ வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லலியேம்மா" என்றேன். "எனக்கு எப்படித் தெரியும்?"

ஜன்னல் பக்கம் நின்றிருந்த மார்லன் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. கையை நீட்டி, கட்டிலின் இரும்புக் கம்பியை இரண்டு முறை தட்டினான்.