கவரிங் மாமன் வாங்கிய முதல் நகை

முகத்துவாரக்குப்பத்தில் தண்டபாணி வீடு எது என்று கேட்டால், எந்தத் தண்டபாணி என்பார்கள். கவரிங் மாமன் வீடு என்றால் ஐஸ் வண்டிக்காரர் வண்டியை நிறுத்தி இறங்கி வந்து வழி காட்டுவார். புகழ் என்றால் அப்படி இருக்க வேண்டும். தண்டபாணிக்கு அது இருபத்தாறாவது வயதில், ஒரே வாரத்தில் கிடைத்தது.

அப்போது அக்கா மங்கம்மாவின் மகள் நர்மதாவுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் குழந்தை, தாய்மாமன் கொண்டுவந்த தோடு. மீன்பிடித் தடைக்காலம், படகு கரையில் கிடந்தது, தங்கம் வாங்க வழியில்லை. கவரிங்கைப் போட்டுவிட்டு, கடலுக்குப் போய் வந்ததும் சத்தமில்லாமல் மாற்றிவிடுவது என்று திட்டம் போட்டார். குழந்தையின் காதுகள் திட்டத்தை ஒப்புக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் தோடு கறுத்தது. ஐந்தாம் நாள் சீழ்.

அன்றோடு மங்கம்மா தம்பியிடம் பேச்சை நிறுத்தினாள். இருபத்திரண்டு வருஷமாக நல்லது கெட்டது எதற்கும் கூப்பிடாமல் இல்லை. ஆனால் எல்லாவற்றையும் சுவரிடம் சொல்வாள். "சொவரே, வந்தவங்களுக்கு இன்னும் நண்டுக் கொழம்பு வோணுமானு கேளு." தண்டபாணியும் சுவரைப் பார்த்தே தலையாட்டுவார். அந்த வீட்டுச் சுவர் அளவுக்குக் குடும்ப விவகாரம் தெரிந்த சுவர் எண்ணூரிலேயே கிடையாது.

இப்படிப்பட்ட நிலையில்தான் நர்மதா போன் செய்தாள். "மாமா, மேல் காது குத்திக்கப் போறேன். அம்மா இன்னா சொல்லுது தெரியுமா? கீழ் காதோ மேல் காதோ, மாமன் போடறதுதான் மொத நகை. முடிஞ்சா இந்தத் தபா தங்கம் எடுத்துக்கினு வரச் சொல்லுன்னு சொவராண்ட சொல்லிச்சு."

தண்டபாணி போனை வைத்தார். உலகத்தில் எந்தத் தாய்மாமனுக்கும் இரண்டாவது முறை காது கிடைத்ததில்லை. படகை விட்டுவிட்டு அனல்மின் நிலையத்தில் ஒப்பந்த ஃபிட்டராகச் சேர்ந்து பதினெட்டு வருஷம், இப்போது தங்கம் வாங்க முடியும். மறுவாரமே அசல் தங்கத்தில் ஒரு குட்டி வளையம் சட்டைப்பையில் ஏறியது. பட்ட சூடு மறக்காததால், காது குத்துவதற்கு முந்தின நாளே அதைத் திருவொற்றியூரில் காது குத்தும் கடைக்குக் கொண்டுபோய் ஷாஸியா என்ற பெண்ணிடம் காட்டினார்.

"அங்கிள், வளையம் சூப்பரா கீது. புது ஓட்டைக்கு ஆவாது."

"தங்கம்மா இது!"

"அதான் ஆவாதுன்றேன். நகைத் தங்கத்துல செம்பு கலந்திருக்கும், சில பேருக்கு ஒத்துக்காது. வளையம் வேற ஆடிகினே இருக்கும், முடி மாட்டும், தலகாணி இழுக்கும். இது கீழ் காது மாரி சதை இல்ல, குருத்தெலும்பு. ஆறவே ஆறு மாசம், ஒரு வருஷம்கூட ஆவும். சீழ் வெச்சா மடலே சுருங்கிடும்." ஒரு சின்னக் குச்சியை எடுத்துக் காட்டினாள். முன்னால் கடுகளவு குமிழ், பின்னால் தட்டை. "வீங்கறதுக்கு எடம் வுட்டு நீளமா கீது பாருங்க. டைட்டானியம்."

தண்டபாணி தெரிந்தவரைப் பார்த்த மாதிரி அதைப் பார்த்தார். மின்நிலையத்தில் நீராவியைக் குளிர்விக்கும் கண்டென்சரில் கடல் தண்ணீர் பாயும் குழாய்கள் டைட்டானியம். பழைய பித்தளைக் குழாய்களைக் கடல் அரித்துச் சல்லடையாக்கியதை அவரே கழற்றிப் போட்டிருக்கிறார். டைட்டானியத்தின் மேல் ஒரு கீறல் இல்லை.

ஆக, எது சரி என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. மனுஷனுக்கு அதைவிடப் பேஜாரு வேறில்லை. தங்கத்தைப் போட்டால் பேர் மீளும், காது போகலாம். இதைப் போட்டால் காது பிழைக்கும், சாகும்வரை கவரிங். ஆறின பிறகு தங்கம் மாற்றலாமே என்பீர்கள். குப்பத்தில் முதலில் ஏறுவதுதான் மாமன் நகை. பிற்பாடு வைரமே போட்டாலும் அது சும்மா பரிசு. விம்கோ நகர் ரயில் கேட்டில் மூன்று ரயில் போகும்வரை ஸ்கூட்டரை எடுக்காமல் நின்றார். நான்காவதற்கும் விடை தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கடைக்குள் மங்கம்மா அவருக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். புதுக் கடை, புதுச் சுவர். ஆனாலும் உடனே பழகிவிட்டாள். ஷாஸியா ஊசியைப் பிரித்தாள். "எந்த நகை அங்கிள்?"

நர்மதா கண்ணை இறுக மூடியிருந்தாள். ஒரு வயசிலும் இப்படித்தான் மூடினாள். அவர் மடியில்.

தண்டபாணி ஷாஸியாவின் தட்டிலிருந்த குச்சியைக் காட்டினார். "இதான். கடலே திங்க முடியாத உலோகம் இது." பிறகு சட்டைப்பையிலிருந்து வளையத்தையும் எடுத்து வைத்தார். "இது ஆறினதுக்கு அப்பால. அசல் தங்கம்."

மங்கம்மா எழுந்தாள். "பாத்தியா சொவரே? அப்போ கவரிங்கு, இப்போ இரும்பு. அடுத்தது பிளாஸ்டிக்கு. பொட்டில கீற தங்கம் எல்லாருகிட்டயும் கீது. காதுல ஏறினது இன்னானு கேளு." செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். சனிக்கிழமை இரவே ஒருவேளை தூக்கத்தில் செத்துப்போயிருந்தால் எவ்வளவு மரியாதையாக இருந்திருக்கும் என்று தண்டபாணி நினைத்தார்.

ஐஸ் வண்டிக்காரர் அதற்கப்புறம் அவரை "இரும்புக் கடை" என்று கூப்பிட்டுப் பார்த்தார். ஒட்டவில்லை. பழைய பேருக்கு இருந்த கெட்டி அதற்கு இல்லை.

இரண்டு மாதம் கழித்து, ஒரு காலையில், மீன் கூடையோடு வாசலில் மங்கம்மா நின்றாள்.

"டேய், கவரிங்."

தண்டபாணி முதலில் பின்னால் திரும்பிச் சுவரைப் பார்த்தார்.

"அங்க இன்னா பாக்கற? உன்னத்தான். தெனம் ரெண்டு வேள உப்புத் தண்ணில நான்தான் கழுவறேன். எப்படா கறுக்கும், எப்படா சீழ் வெக்கும், வந்து நாலு கேள்வி கேக்கலாம்னு பாத்துகினே கீறேன். ஒரு எழவும் ஆவல." கூடையை மறு இடுப்புக்கு மாற்றினாள். "வீக்கம் வடிஞ்சிட்டதாம். குச்சிய சின்னதா மாத்தணுமாம். அந்தக் கடைப் பொண்ணு சொல்லுது. மாமன் இல்லாம மாத்த முடியுமா? கெளம்பு."

"இதோ வரேன்க்கா, சட்டை..." என்று உள்ளே ஓடினார். கொடியில் தேடினார், கதவுக்குப் பின்னால் தேடினார்.

"போட்டுகினு தான்டா கீற," என்றாள் மங்கம்மா.