ஸ்கேன் ஆகாத அட்டை

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. குன்னூரில், பஸ் ஸ்டாண்டிலிருந்து மேலே ஏறும் படிக்கட்டுச் சந்தில் சின்னதாக ஒரு டிசைன் சென்டர் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, டீத்தூள் பாக்கெட், சர்ச் திருவிழா நோட்டீஸ், சாக்லேட் டப்பா லேபிள் என்று எது வந்தாலும் செய்து கொடுப்பேன். வேலை சுத்தமாக இருக்கும் என்று பெயர் வாங்கியவன். அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் மண்டைக்கனமும் இருந்தது.

அந்த வருடம் ஜூனில் பள்ளி திறந்ததும், பக்கத்தில் இருக்கும் ஒரு சிறப்புப் பள்ளியின் தலைமையாசிரியை கடைக்கு வந்தார். அங்கே முப்பத்தெட்டுக் குழந்தைகள். பாதிப் பேருக்குப் பேச்சு வராது. எல்லோருக்கும் கழுத்தில் மாட்டும் அடையாள அட்டை வேண்டும் என்றார்.

"பின்பக்கம் அம்மா அப்பா நம்பர் போடலாம்னா, பொம்பளப் பிள்ளைங்க வீட்ல பயப்படறாங்க. பஸ்ல போறவன் வர்றவன் எல்லாம் நம்பரைப் பாப்பான்னு சொல்றாங்க. என்னங்க பண்றது?"

எனக்குச் சட்டென்று யோசனை வந்தது. நம்பரே போட வேண்டாம், க்யூஆர் கோடு போட்டுவிடலாம் என்றேன். குழந்தை வழி தவறிவிட்டால், பார்க்கிறவர் போனில் ஸ்கேன் செய்தால் போதும். பெயர், வீடு, அம்மா நம்பர் எல்லாம் திரையில் வந்துவிடும். டீச்சருக்கு ரொம்ப சந்தோஷம்.

இந்த க்யூஆர் கோடை இரண்டு விதமாகச் செய்யலாம். விவரங்களை நேராகக் கோடுக்குள்ளேயே எழுதிவிடுவது ஒன்று. அதற்கு யார் தயவும் வேண்டாம். அட்டை இருக்கும் வரை வேலை செய்யும். ஆனால் விவரம் கூடக் கூடக் கட்டங்கள் கசகசாவைக் கொட்டினது போல நெருங்கிவிடும், பெரிதாக அச்சடித்தால்தான் போன் படிக்கும். இன்னொன்று, விவரங்களை ஒரு வெப்சைட்டில் வைத்துவிட்டு, அதன் முகவரியை மட்டும் கோடுக்குள் போடுவது. கட்டங்கள் குறைவாக, அழகாக இருக்கும். நடுவில் பள்ளியின் சின்னத்தைக்கூட வைக்கலாம்.

நான் அழகானதை எடுத்துக்கொண்டேன். அந்த வெப்சைட்டில், முப்பது நாள்தான் இலவசம், பிறகு புதுப்பிக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. நான் அதைப் படிக்கவில்லை என்று சொன்னால் பொய். படித்தேன். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். பிறகு நினைவூட்டி மூன்று மெயில் வந்திருக்கிறது. விளம்பர மெயில்களோடு சேர்த்து அழித்திருக்கிறேன்.

அட்டைகளைக் கொடுத்த அன்று தாய்மார்கள் மாறி மாறி ஸ்கேன் செய்து, பிள்ளையின் பெயர் வருவதைப் பார்த்துச் சிரித்தார்கள். டீ ஃபேக்டரியில் வேலை செய்யும் ஒரு அம்மா மட்டும் என்னிடம் வந்து, "பேச்சு வராத புள்ள சார் இது. இனிமே இந்த அட்டைதான் இவளுக்கு வாயி" என்றார். பக்கத்தில் அவருடைய பதின்மூன்று வயது மகள் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஜூலையில் ஒரு வியாழக்கிழமை. நல்ல மழை. பள்ளி விட்டு அந்த அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருக்கிறார். குடையை மடக்குவதற்காக ஒரு நிமிடம் மகளின் கையை விட்டிருக்கிறார். அந்தக் கூட்டத்தில் அவள் கோத்தகிரி வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறிவிட்டாள். இவர் பஸ் ஸ்டாண்ட் முழுக்கத் தேடிவிட்டு, தலைமையாசிரியைக்குப் போன் செய்து, இரண்டு பேருமாகப் போலீஸுக்குப் போயிருக்கிறார்கள்.

அந்தப் பெண்ணோ கூட்டத்தோடு கூட்டமாக அரவேணுவில் இறங்கிவிட்டாள். அங்கே டீக்கடை வைத்திருக்கும் ஒரு அம்மாதான், நனைந்துகொண்டு நின்றவளைக் கடைக்குள் அழைத்துத் தலை துவட்டி, பன்னும் பாலும் கொடுத்து உட்கார வைத்தார். அட்டையை ஸ்கேன் செய்தார். விவரம் எதுவும் வரவில்லை. முன்பக்கம் இருந்த பள்ளி லேண்ட்லைனுக்கு அடித்துக்கொண்டே இருந்திருக்கிறார். பூட்டின ஆபீஸில் யார் எடுப்பார்கள்? கடைசியில் நூறுக்குப் போன் செய்தார். வழியில் மரம் விழுந்து கிடந்ததால் போலீஸ் வந்து சேரவே நேரமாகிவிட்டது. ஏழரை மணிக்குத்தான் தாயும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

எனக்கு இதெல்லாம் மறுநாள் காலையில் தெரிந்தது. தலைமையாசிரியை போன் செய்தார். "பொண்ணு பத்திரமா கிடைச்சுட்டா, ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். ஆனா அட்டை ஸ்கேன் ஆகலயாம். என்னன்னு கொஞ்சம் பாருங்க."

சாம்பிள் அட்டை ஒன்று மேஜையில் இருந்தது. ஸ்கேன் செய்தேன். இந்தக் கோடு முடக்கப்பட்டுவிட்டது என்று ஆங்கிலத்தில் வந்தது. முப்பது நாள் முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

அதன் பிறகு நான் செய்ததுதான் இதை எழுத வைக்கிறது. உடனே பணம் கட்டிக் கோடைப் புதுப்பித்தேன். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. மறுபடி ஸ்கேன் செய்தேன், எல்லாம் வந்தது. டீச்சரைக் கூப்பிட்டேன். "நல்லாத்தான் வேலை செய்யுதுங்க டீச்சர். அரவேணுப் பக்கம் மழைன்னா சிக்னல் இருக்காதுங்க. இல்லாட்டி அவங்களுக்கு ஸ்கேன் பண்ணத் தெரிஞ்சிருக்காது."

அவரும் ஒரு அட்டையை எடுத்து ஸ்கேன் செய்து பார்த்துவிட்டு, "ஆமாங்க, வருதே" என்றார். போனை வைத்ததும் எனக்கு வந்தது நிம்மதி. தப்பித்தோம் என்ற நிம்மதி. அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து அந்தப் பெண்ணின் அம்மா என் கடைக்கு வந்தார். மழையில் நனைந்து அட்டை உப்பியிருந்தது, வேறு ஒன்று வேண்டும் என்றார். நான் பிரிண்ட் எடுத்துக்கொண்டிருந்தபோது அவராகவே பேச ஆரம்பித்தார்.

"அந்தக் கடைக்காரம்மாவுக்கு நன்றி சொல்லலாம்னுதான் சார் போன ஞாயித்துக்கெழம போனேன். டீச்சரு, அட்டை நல்லாத்தான் இருக்குன்னு சொன்னாங்கல்ல. அவங்க முன்னாலயே ஸ்கேன் பண்ணிக் காட்டினேன், டக்குன்னு என் நம்பரு வருது. எனக்கு என்னமோ மாதிரி ஆயிருச்சு. ஏன் எனக்குப் போன் அடிக்கல, ரெண்டு மணி நேரம் பொட்டப்புள்ளய வச்சிக்கிட்டு என்ன செஞ்சீங்கன்னு கேட்டுட்டேன். அவங்க வீட்டுக்காரரு உள்ளருந்து வந்தாரு. அவரயும் கேக்கக்கூடாததெல்லாம் கேட்டுட்டேன். கடையில அத்தனை பேரு இருந்தாங்க."

பிரிண்டர் ஓடி நின்றுவிட்டது. நான் புது அட்டையை எடுத்து ஓரம் வெட்ட ஆரம்பித்தேன்.

"போலீஸ்ல ஒரு வார்த்த சொல்லி வைக்கலாமான்னு இருக்கு சார். நீங்க என்ன சொல்றீங்க?"

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். "வேண்டாம் விடுங்கம்மா. பொண்ணுதான் நல்லபடியா கிடைச்சுட்டாளே" என்றேன். ஏதோ பெரிய மனசுக்காரன் சொல்வது போல. அவரும் தலையாட்டிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து எனக்கு எந்த வேலையிலும் மனம் ஓடவில்லை. அந்த வார ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி அரவேணு போனேன். உண்மையைச் சொல்லத்தான் போனேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஆனால் சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் போனேன். கடையைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. டீ வாங்கிக் குடித்துக்கொண்டே, குன்னூரில் அச்சு வேலை செய்கிறேன் என்று பேச்சுக் கொடுத்தேன். ஐம்பது வயதுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த அம்மா பால் பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டுக் கிட்டே வந்தார்.

"ஏனுங்க, உங்களுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியுமுங்களா?"

தெரியும் என்றேன். போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். "அன்னைக்கு ஒரு பாப்பா வழி தவறி வந்துருச்சுங்க. கழுத்துல இருந்த அட்டைய ஸ்கேன் பண்ணுனா இப்படி வந்துச்சு. பஸ்ஸுக்கு நின்ன காலேஜ் புள்ள ஒண்ணு, பணம் கேக்குதுங்கக்கா, ஃபிராடு மாதிரி இருக்குது, தொடாதீங்கன்னு சொல்லி இதைப் படமா எடுத்து வச்சுக் குடுத்துட்டுப் போச்சு. அப்புறம் அந்தப் பாப்பாவோட அம்மா வந்து ஸ்கேன் பண்ணுனா வேற மாதிரி வருதுங்க. நான் இதைக் காட்டறேன், காட்டறேங்கறேன், அவங்க பாக்கவே இல்லீங்க. நாந்தான் என்னத்தையாவது தப்பா அமுக்கிட்டனோன்னு தூக்கமே இல்லீங்க எனக்கு. இதுல என்ன எழுதியிருக்குதுன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்களேன்."

போனை வாங்கினேன். நாலே வரி. மேலே, அந்த வெப்சைட்டில் நான் என் கையால் ஏற்றிய பள்ளிச் சின்னம் இருந்தது.

"இந்தக் கோடு முடக்கப்பட்டிருக்குது. இதைச் செஞ்சவங்க பணம் கட்டிப் புதுப்பிச்சா மறுபடி வேலை செய்யும். அப்படித்தாங்க எழுதியிருக்குது" என்றேன்.

"அப்ப நான் சரியாத்தான் பண்ணியிருக்கேனுங்களா?"

"சரியாத்தான் பண்ணியிருக்கீங்க."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அப்ப இதைச் செஞ்சவங்க யாருங்க?"

"நாந்தானுங்க."

அதன் பிறகு நிறுத்தாமல் எல்லாவற்றையும் சொன்னேன். மெயிலை அழித்தது, மறுநாள் காலையில் புதுப்பித்தது, சிக்னல் இல்லை என்று சொன்னது, ஸ்கேன் பண்ணத் தெரியாது என்று அவர் மேலேயே பழியைப் போட்டது, எல்லாம். அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. அடுப்பை அணைத்தார்.

"என்ற கிட்டச் சொல்லிட்டா ஆச்சுங்களா? என்ற வீட்டுக்காரரு அன்னைக்கு மழையில நடுரோட்டுல நின்னு, குன்னூர்ப் பக்கமிருந்து வர்ற ஒவ்வொரு பஸ்ஸையும் நிறுத்தி, யாராவது புள்ளையத் தேடறாங்களான்னு கேட்டாருங்க. இப்பக் கடை முன்னாடி உக்கார்றதே இல்ல. சின்னப் புள்ளைங்க மிட்டாய் வாங்க வந்தா எந்திரிச்சு உள்ள போயிடறாரு. மொதல்ல அவருகிட்டப் போய்ச் சொல்லுங்க."

கடைக்குப் பின்னால் அவர் காலி பாட்டில்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். அவர் அடுக்குவதை நிறுத்தவில்லை. எல்லாம் கேட்டு முடித்த பிறகு, "அந்தப் பாப்பா கடைசி வரைக்கும் என்ற சட்டையப் புடிச்சுட்டேதாங்க நின்னுச்சு" என்றார். மன்னித்துவிடுங்கள் என்று கேட்டேன். அவர் அடுத்த பெட்டியை இழுத்துப் போட்டுக்கொண்டார். மன்னிக்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை.

குன்னூர் திரும்பியதும் நேராக அந்தப் பெண்ணின் அம்மா வீட்டுக்குப் போனேன். எஸ்டேட்டில் வரிசையாகக் கட்டிய லைன் வீடு. வாசலில் நிற்க வைத்தே கேட்டார். கேட்டு முடித்ததும் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஐயோ, நான் அந்த மனுசன் மூஞ்சில எப்பிடி சார் முழிப்பேன்? நீங்க அன்னைக்குக் கடையிலயே சொல்லியிருக்கலாமே. நான் போலீஸுக்குப் போகவான்னு கேட்டேனே சார் உங்ககிட்ட."

நானும் கூட அரவேணு வருகிறேன், உங்கள் முன்னாலேயே அவர்கள் இரண்டு பேரிடமும் நானே மறுபடி சொல்கிறேன் என்றேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மறு ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு அவரே அரவேணு போனதாகப் பின்னால் கேள்விப்பட்டேன். அங்கே என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. கேட்கும் தைரியமும் இல்லை.

தலைமையாசிரியையிடம் சொன்னபோது அவர், "சிக்னல்னு சொன்னீங்களே" என்று மட்டும் கேட்டார். அந்த வாரமே முப்பத்தெட்டு அட்டைகளையும் புதிதாகச் செய்தேன். நம்பரை நேராகக் கோடுக்குள்ளேயே எழுதி, சின்னம் கின்னம் எதுவும் வைக்காமல், வெள்ளையில் கறுப்பாக, பெரிதாக அச்சடித்தேன். கீழே டீச்சரின் செல் நம்பரை எழுத்தாகவே போட்டேன். நெட்டை நிறுத்திவிட்டு நாலு போனில் ஸ்கேன் செய்து பார்த்தேன். பார்க்க லட்சணமாக இல்லைதான். டீச்சர் ஒவ்வொன்றாகச் சரிபார்த்து வாங்கிக்கொண்டார். அடுத்த வருட அட்டை வேலையை வேறு இடத்தில் கொடுத்துவிட்டார். அது நியாயம்தான்.

கவனக்குறைவு யாருக்கும் வரலாம் என்று நண்பர்கள் ஆறுதல் சொல்கிறார்கள். என்னைக் கூச வைப்பது கவனக்குறைவு இல்லை. முன்பின் தெரியாத பிள்ளைக்காக மழையில் நின்ற மனிதரை, என் பெயர் கெடக்கூடாது என்பதற்காகப் பல பேர் பார்க்கச் சந்தேகத்தில் நிற்க வைத்தேனே, அதுதான். இப்போதும் யாராவது போன் செய்து, உங்கள் வேலையில் ஏதோ தப்பு இருக்கிறது என்று சொன்னால், என் வாயில் முதலில் வருவது ஒரு சாக்குதான். அதை விழுங்கிவிட்டு, "என் தப்பான்னு மொதல்ல பாத்துட்டுச் சொல்றேங்க" என்று சொல்ல ஒவ்வொரு தடவையும் நான் சிரமப்பட வேண்டியிருக்கிறது.