பொய் சொல்லத் தெரியாத விரல்

பல் வைத்தியர் கிராம்பெண்ணெய் தொட்ட பஞ்சைக் கடைவாயில் வைத்தார். பல்லின் நரம்பு தூங்கிப்போயிற்று. நான் விழித்துக்கொண்டேன். இரத்தோட்டைக்கு மேலே எங்கள் தோட்டம், சாக்கில் காயும் கிராம்பு, மருந்தறை வாங்குப்பலகையில் கையை நீட்டியபடி அவன்.

அப்பா அங்கே டிஸ்பென்சர். நான் மாத்தளைக்குப் போய் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தேன். அதாவது, தவளையை அறுக்கும்போது கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். அவன் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியால் சுட்டுவிரலை வெட்டிக்கொண்டவன். நரம்பைத் தைத்து அனுப்பிய பெரிய டாக்டர், உணர்ச்சி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கச் சொல்லியிருந்தார். பார்க்கிற வேலையை அப்பா என் தலையில் கட்டினார்.

நரம்புக்கலத்தை வரைய எந்தப் புத்தகமும் வேண்டாம், ஒரு கிராம்பு போதும். தலை, கலவுடல். தலையைச் சுற்றிய பற்கள், செய்தி வாங்கும் கிளைகள். காம்பு, செய்தியைக் கொண்டு ஓடும் வால்.

"வாலு அறுந்தா நுனிப்பக்கம் செத்துரும். ஆனா மேல போத்தியிருந்த உறை காலிக் குழாயா கெடக்கும். புது வாலு அதுக்குள்ளதான் ஊர்ந்து வரும்."

"எம்புட்டு வேகத்துல, டாக்டரம்மா?"

"லக்கல பஸ் மாதிரி."

"அப்ப வராதுன்னே சொல்லிடுங்க."

கண்ணை மூடச் சொல்லிக் கிராம்பு முனையால் தொடுவேன். "தெரியுதா?"

"தூரத்துல ஆட்டுக்குட்டி கத்துதுங்க."

"காதக் கேக்கல்ல, விரலக் கேட்டேன்."

"அது ஒண்ணும் பேசலீங்க."

இலங்கையும் இந்தியாவும் எங்கள் தோட்டத்து ஆட்களைப் பங்கு போட்டுக்கொண்டிருந்த எழுபதுகள். அவன் குடும்பத்துக்கு இந்தியாவுக்கு ஒரேயடியாகப் போகப் பாஸ்போட் வந்துவிட்டது. அவன் பிறந்தது இந்த மலையில் என்பது யாருக்கும் பொருட்டாக இல்லை. "புள்ளைக்கு விரலு சொகமாகாம கப்பல் ஏற மாட்டேன்" என்று அவன் அம்மா மட்டும் பிடிவாதமாக நின்றார். விரல் மரத்திருக்கும்வரை அவன் இங்கே.

ஒரு நாள் ஆற்றில் வெகுநேரம் ஊறிவிட்டு ஈரத்தலையோடு வந்தான். ஐந்து விரல்நுனிகளும் சுருங்கியிருந்தன. நரம்பு செத்த விரல் தண்ணீரில் சுருங்காது, வழுவழுவென்றே கிடக்கும்.

"தெரியுதா?"

"இல்லீங்க."

மறுநாளும் கிராம்போடு உட்கார்ந்தேன். விடை தெரிந்த கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கும் கெட்டிக்காரி!

அவன் அம்மா ஒரு மாலை வாழையிலையில் சுடச்சுடத் தேங்காய் ரொட்டி கொண்டுவந்தார். "இன்னுமா பாப்பா உணர்ச்சி வரல்ல?"

"கொஞ்சம் பொறுக்கணும்ங்க" என்றேன், பெரிய டாக்டரின் குரலில்.

பசி அவனுக்கு. சூடு எப்படி என்று சுட்டுவிரலை ரொட்டியில் வைத்தான், அதே விரலை.

"ஆத்தாடி!"

விரல் வாய்க்குள் போய்விட்டது. சுட்டால் அந்தச் செய்தி மூளைவரை போய் அனுமதி கேட்டுக்கொண்டு நிற்பதில்லை. முதுகெலும்புக்குள் ஓடும் முண்ணாணே அதை வாங்கிக் கையை இழுத்துவிடும். பொய்யெல்லாம் மேலே, மூளையில். அது இறங்கி வருவதற்குள் விரல் உண்மையைச் சொல்லி முடித்திருந்தது.

அவன் அம்மா அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முதலில் சிரித்தார். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"நல்லாத்தான் வைத்தியம் பாத்தீங்க ரெண்டு பேரும். வெளாட்டு போதும், சாமான் கட்டணும்."

மாத்தளை ஸ்டேஷனில் தகரப்பெட்டிகளுக்கும் அழுகைகளுக்கும் நடுவே ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்தான். அப்பா பக்கத்தில் நின்றதால் நான் ரயிலின் சக்கரங்களை ஆராய்ந்துகொண்டிருந்தேன். வண்டி அசைந்தபோதுதான் கேட்டான்.

"போய்ட்டு வாறேன்னு சொல்லலாமாங்க?"

"சொல்லுங்க. கேக்குறது நான்தானே, கவர்மெண்டு இல்லயே."