ஏழு மதில் ராஜ்ஜியத்தில் ஒரு குகைக்காரி

எண்பதுகளின் நடுவில் ஒரு வருஷம், ஆனி தொடங்கி ஆவணி வரைக்கும் ஞாயிற்றுக்கிழமை தோறும் நான் குகைக்காரியாக இருந்தேன். புத்தூரில் பஸ் ஏறி, ஸ்ரீரங்கத்தில் இறங்கி, உத்தர வீதியில் ஒரு வீட்டு மொட்டைமாடிக்குப் போவேன். அங்கே கீற்றுக் கொட்டகையில் பாயைப் போட்டு உட்கார்ந்ததும் குகைக்காரியாகிவிடுவேன். சாயங்காலம் இறங்கி மறுபடி ஆபீஸ் கிளார்க்காக வீட்டுக்குத் திரும்புவேன்.

அந்த வீடு என்னோடு வேலை பார்த்த ஒருவனுடையது. அப்போதெல்லாம் அவனை ‘அவர்’ என்றுதான் சொல்வேன். அந்த மரியாதை பிற்பாடு தீர்ந்துபோனது. நாங்கள் கல்யாணம் செய்துகொள்வது என்று பேசி முடித்திருந்தோம். நான் வேதக்கார வீட்டுப் பெண், அவன் பெருமாள் கோயிலைச் சுற்றியே வளர்ந்தவன். நான் எங்கள் வீட்டில் சொல்லிவிட்டேன். ஞானஸ்நானம் எங்கள் ஆட்களை எல்லாம் ஒன்றாக்கிவிட்டதாகப் பூசையில் சொல்வார்கள். கல்யாணப் பேச்சு வந்தால் மட்டும் பழைய ஜாதி எல்லாருக்கும் பளிச்சென்று ஞாபகம் வரும். அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு பேச ஆரம்பித்து, பேசாத நாட்களுக்கும் சேர்த்துத் திட்டினாள். கடைசியில் “என்னமோ பண்ணு” என்றாள். எங்கள் வீட்டில் அதற்குச் சம்மதம் என்று பொருள்.

அவன்தான் இன்னும் அவன் அம்மாவிடம் வாயைத் திறக்கவில்லை. “அத்தை பிள்ளை அமெரிக்கா கிளம்பறதுக்குள்ள சொல்லிடறேன். அவன் இருந்தா அம்மா கொஞ்சம் இளகி இருப்பா” என்றான். அந்தத் தேதியை நம்பித்தான் நான் வாராவாரம் மாடியேறிக்கொண்டிருந்தேன்.

அந்த அத்தை பிள்ளைதான் மாடியில் நாங்கள் ஆடிய விளையாட்டைக் கொண்டுவந்தவன். அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்தவன், விடுமுறைக்கு வந்திருந்தான். ஒரு தடித்த விதிப் புத்தகமும், கோணல்மாணலான பகடைகளும் அவன் பெட்டியில் வந்திறங்கின. பலகை கிடையாது, காய் கிடையாது. ஒருவன் கதை சொல்வான். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரமாகி, என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். சொன்னது பலிக்குமா என்பதைப் பகடை தீர்மானிக்கும்.

அந்தப் புத்தகத்தில் ஒவ்வொரு ஜனத்துக்கும் ஒரு பக்கம். வெள்ளி மக்கள் என்று ஒரு கூட்டம்: பிறவியிலேயே நல்லவர்கள், அழகர்கள், நீண்ட ஆயுள். குகை மக்கள் என்று இன்னொன்று: பிறவியிலேயே கெட்டவர்கள், பேராசைக்காரர்கள், நாற்றம். தொட்டிலில் கிடக்கும் குகைக் குழந்தைக்கும் அதே குணம்தான் அச்சிட்டிருந்தது. “இதை அமெரிக்காவுலயா எழுதினான்? நம்ம தெருவுல வந்து கேட்டிருந்தா இன்னும் விவரமா சொல்லியிருப்போமே” என்றார் எங்களோடு விளையாடிய கணக்குப் பிரிவு நண்பர். திருவானைக்காவல்காரர், பிரம்மச்சாரி, நாக்கு நீளம்.

என்னவன் வெள்ளி இளவரசன் ஆனான். கணக்குப் பிரிவு மந்திரவாதி ஆனார். நான் குகைக்காரியைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். இருட்டில் கண் தெரியும், எதைக் கொடுத்தாலும் சாப்பிடுவாள் என்று போட்டிருந்தது. இரண்டாவது தகுதி எனக்கு ஏற்கெனவே இருந்தது.

முதல் ஞாயிறே விளையாட்டு முடங்கியது. சண்டை போட்டு ஜெயித்த இளவரசன், எதிரியைத் தொட்டதால் குளிக்க வேண்டும் என்றான். ஆறு இல்லை என்றான் கதை சொன்ன அத்தை பிள்ளை. அப்படியென்றால் ஆறு வருகிற வரைக்கும் நடப்பேன் என்றான் இளவரசன். சத்திரம் வந்தது, சமைத்தவர் யார் என்று தெரியாமல் சாப்பிட மாட்டேன் என்றான். சாப்பிடாவிட்டால் பலம் குறையும் என்பது விதி. பறக்கும் பாம்பை ஒரே வெட்டில் கொன்றவன், சத்திரத்து வாசலில் பசியால் சாகக் கிடந்தான். மந்திரவாதி யோசித்து, “வாழைப்பழத்துக்கு தோஷமில்லையே” என்றார். வாழைத்தோப்புக்குப் பேர்போன ஜீயபுரம் மாதிரி ஒரு ஊரை அவசரமாக அந்தக் காட்டுக்குள் கொண்டுவந்து வைக்க வேண்டியதாயிற்று. அதன்பிறகு அந்த வீரன் மூன்று தேசங்களை வாழைப்பழத்திலேயே கடந்தான்.

“உங்களோட ஆட முடியாது. அங்க எவனும் இதையெல்லாம் கேக்க மாட்டான்” என்று அத்தை பிள்ளை தலையில் அடித்துக்கொண்டான். ஆனால் அவன் வெள்ளி மக்களின் தலைநகரை வரைந்தபோது அதற்கு ஏழு மதில்கள் இருந்தன. எத்தனை கடல் தாண்டிப் படித்தாலும் ஸ்ரீரங்கத்துப் பிள்ளைக்கு நகரம் என்றால் அப்படித்தான் வருகிறது. வெளி மதிலைத் தாண்டிக் குகை மக்கள் உள்ளே வரக் கூடாது என்று சட்டமும் எழுதினான். அதற்கு அவன் புத்தகத்தைப் புரட்டவே இல்லை.

அந்த நகரத்தின் ஒவ்வொரு வாசலும் எனக்கு மனப்பாடம். நாங்கள் உட்கார்ந்திருந்த வீட்டில் சமையலறை எந்தப் பக்கம் என்றால் தெரியாது. மாடிப்படி வெளியில், சந்துப் பக்கம் இருந்தது. “அம்மா மடியா இருப்பா, இப்படியே மேல போயிடலாம்” என்று என்னவன் முதல் நாளே காட்டிவிட்டான். காபியை அத்தை பிள்ளை கொண்டுவருவான். என்னவனின் அம்மாவை ஒரு தடவைகூட நேரில் பார்க்காமலே, அந்த அம்மாளுக்கு ஒரு பக்கம் மனசுக்குள் எழுதி வைத்திருந்தேன்: கடுகடுப்பு, ஆசாரம், வாசலில் நிறுத்திப் பேசும் பிறவி.

அத்தை பிள்ளை கிளம்புவதற்கு முந்தைய ஞாயிறு, ஆவணி வந்துவிட்டிருந்தது. அடிபட்ட இளவரசனைக் குகைக்காரி முதுகில் தூக்கிக்கொண்டு தலைநகருக்கு வருகிறாள். காவலர்கள் அவளை நிறுத்துகிறார்கள். அப்போது என்னவன் பாயிலிருந்து எழுந்து நின்று, ராஜாவைப் பார்த்துப் பேசினான். நாடகம் மாதிரி இல்லை, நிஜமாகப் பேசினான். பிறப்பை வைத்து ஒருத்தியை எடைபோடுகிற ராஜ்ஜியம் எனக்கு வேண்டாம், இவள் வராத வீட்டுக்குள் நானும் வர மாட்டேன் என்றான். பகடையை உருட்டினான், பெரிய எண் விழுந்தது. ராஜா இறங்கி வந்தார், சட்டம் ஒழிந்தது, ஏழு வாசலும் திறந்தன. மந்திரவாதி கைதட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இன்றைக்குச் சொல்லிவிடுவான் என்று நினைத்தேன். வெட்கமில்லாமல் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அப்போது பார்த்து மழை பிடித்துக்கொண்டது. காற்று கொட்டகைக்குள் சாரலை அள்ளி அடித்தது. அத்தை பிள்ளை புத்தகத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு கீழே ஓடினான். கணக்குப் பிரிவு பின்னாலேயே ஓடி, அவனோடு வாசல் வழியாக வீட்டுக்குள் போய்விட்டார். மடி என்று அவரை யாரும் தடுக்கவில்லை. நானும் என்னவனும் படியிறங்கிச் சந்தில் நின்றோம். “நீ இங்கயே ஒரு நிமிஷம் இரு, அம்மாகிட்ட சொல்லிட்டு வந்துடறேன்” என்று அவனும் உள்ளே போனான்.

மேலே ஒரு சாண் அகலத்துக்குக் கூரை நீட்டிக்கொண்டிருந்தது. அதன் அடியில் சுவரோடு சுவராக ஒண்டி நின்றேன். என் தலைக்குப் பக்கத்தில் ஒரு ஜன்னல். உள்ளே கதவில் மாட்டியிருந்த எதையோ அவன் எடுக்கிற சத்தம் கேட்டது.

“குடையை எடுத்துண்டு எங்கடா போற இந்த மழையில?” கொஞ்சம் கரகரத்த, சாதாரணமான ஒரு குரல். அவன் அம்மாதான். குரல் தொடர்ந்தது. “அந்த ஆபீஸ் பொண்ணு மேல இருக்காளா? கொட்டகை ஒழுகுமேடா. நனைஞ்சுண்டு உக்காந்திருப்பா. உள்ள வரச் சொல்லு. ஒரு நாளாவது கண்ணுல காட்டறியா? தலை துவட்டிண்டு சூடா ஏதாவது சாப்பிட்டுட்டுப் போகட்டும்.”

நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். உள்ளே போய் என்ன சொல்லிக் கும்பிடுவது, மாமி என்று கூப்பிடலாமா என்றெல்லாம் மனசு அவசரமாக ஓடியது. உருட்டுவதற்குப் பகடைகூட வேண்டியதில்லை. அவன் “சரிம்மா” என்றால் போதும்.

“அவ அப்பவே போயிட்டாம்மா” என்றான் அவன்.

அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அதில் பாதி என் மேல். பார்க்காத அம்மாளை ராட்சசி என்று நம்பி, பக்கத்தில் இருந்தவனை வீரன் என்று நம்பியிருக்கிறேன். அவன் குடையை விரித்துக்கொண்டு சந்துக்குள் வந்தான். “அம்மா தூங்கறா. அப்புறமா சொல்லிக்கலாம். வா, பஸ் ஸ்டாப் வரைக்கும் கொண்டு விடறேன்” என்றான். முகத்தில் துளி கலக்கம் இல்லை. எனக்காக ஒரு குடை கொண்டுவந்த நிம்மதிதான் இருந்தது.

பெற்ற தாயிடம் அவன் சொன்ன சொல் பொய்யாகிவிடக் கூடாது. குடையை வாங்காமல், மழையிலேயே போய்விட்டேன்.